தப்புதான் என்பார்கள், செய்தும் விடுவார்கள்: முரட்டு ஓட்டம் பற்றி மக்கள் மனநிலையை அளப்பது எப்படி?

அதிவேகமாக வண்டி ஓட்டுவது தவறா என்று நூறு பேரிடம் கேட்டால், ஏறக்குறைய நூறு பேரும் தவறு என்றுதான் சொல்வார்கள். இதைத் தெரிந்துகொள்ள வினாத்தாள் அச்சடிக்கத் தேவையில்லை. ஆனாலும் சாலைப் பாதுகாப்பு பற்றிய பல கருத்துக்கணிப்புகள் இந்த ஒரு கேள்வியிலேயே நின்றுவிடுகின்றன. "பெரும்பாலான மக்கள் பாதுகாப்பான ஓட்டத்தையே விரும்புகிறார்கள்" என்று ஓர் அறிக்கை வெளிவரும். சாலை பழையபடியே இருக்கும்.

தவறு என்று சொன்ன அதே ஆட்கள் எப்படி ஓட்டுகிறார்கள், மற்றவர்கள் எப்படி ஓட்டுவதாக நினைக்கிறார்கள், தங்களுக்கு மட்டும் என்ன சலுகை கொடுத்துக்கொள்கிறார்கள் என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சொல்லுக்கும் செயலுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் நமக்கு வேண்டிய அளவு. குடியிருப்போர் சங்கமோ, கல்லூரி மாணவர் குழுவோ, வண்டிகளை ஓட்டுநர்களிடம் கொடுத்து நடத்தும் நிறுவனமோ, ஐந்தாறு பேரும் ஒன்றரை மாதமும் இருந்தால் இந்த வேலையை முடித்துவிடலாம். ஸ்டாப்வாட்ச், அளவு நாடா, வீடியோ எடுக்கும் கைபேசி, கணக்குப் போட ஒரு விரிதாள் மென்பொருள் ஆகியவை போதும்.

முதலில் செயல்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

"முரட்டு ஓட்டம்" என்ற சொல் வினாத்தாளில் எங்கும் வரக்கூடாது. ஒருவருக்கு அது ஹார்ன் அடித்துக்கொண்டே வருவது, இன்னொருவருக்கு வலது லேனில் மெதுவாகப் போவது, மூன்றாமவருக்கு கெட்ட வார்த்தையில் திட்டுவது. மூவரும் "ஆம், அது பெரிய பிரச்சினை" என்று ஒரே பெட்டியில் டிக் அடிப்பார்கள். உங்கள் கையில் மூன்று வெவ்வேறு பதில்கள் ஒரே எண்ணாக வந்து சேரும்.

எனவே கண்ணால் பார்க்கக்கூடிய, எண்ணக்கூடிய செயல்களாக எழுதுங்கள்: வேக வரம்பை மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் தாண்டுவது, முன்னால் போகும் வண்டியை ஒட்டியபடி ஓட்டுவது, சிவப்பு விழுந்த பிறகு நிறுத்தக் கோட்டைத் தாண்டுவது, வழிவிடச் சொல்லி ஹை பீம் அல்லது ஹார்ன் அடித்து நெருக்குவது, இடைவெளி இல்லாத இடத்தில் குறுக்கே புகுவது, கைபேசியைக் கையில் வைத்தபடி ஓட்டுவது. ஆறுக்கு மேல் போகாதீர்கள். ஒவ்வொரு செயலுக்கும் நான்கு கேள்விகள் வரப்போகின்றன. ஆறு செயல் என்றால் 24 கேள்வி. அதைத் தாண்டினால் பதில் சொல்பவர் படிக்காமலே ஒரே வரிசையில் டிக் அடித்துக்கொண்டு போவார்.

செயல்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு பிரிவினையை மனதில் வையுங்கள். 1990-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரீசனும் அவருடைய சகாக்களும் ஓட்டுநர் நடத்தை வினாத்தாள் ஒன்றை வடிவமைத்தார்கள். ஓட்டுநர் செய்யும் பிழைகளை அது கவனக்குறைவு, தவறான கணிப்பு, வேண்டுமென்றே செய்யும் மீறல் எனப் பிரித்தது. பின்னர் நடந்த ஆய்வுகளில் விபத்தோடு அதிகம் தொடர்புடையதாக வெளிப்பட்டது மீறல்தான். அந்த மீறலையும் பின்னாளில் இரண்டாக்கினார்கள். அவசரத்தில் செய்வது ஒன்று, ஆத்திரத்தில் செய்வது மற்றொன்று. வேக வரம்பைத் தாண்டுபவருக்கு யார்மீதும் கோபம் இருக்க வேண்டியதில்லை. ஆனால் பின்னால் ஒட்டிக்கொண்டு ஹை பீம் அடிப்பவருக்கு எதிரில் ஓர் ஆள் இருக்கிறார். மக்கள் முதலாவதை எளிதில் மன்னிப்பார்கள், இரண்டாவதை மன்னிக்க மாட்டார்கள். உங்கள் ஆறு செயல்களில் இரண்டு வகையும் கலந்திருக்க வேண்டும். இல்லையென்றால் முடிவு ஒரு பக்கமாகச் சாயும்.

ஒவ்வொரு செயலுக்கும் நான்கு கேள்விகள்

ஒட்டி ஓட்டுவதை எடுத்துக்கொள்வோம். வினாத்தாளில் அது இப்படி இருக்கும்:

"கடந்த 30 நாட்களில், முன்னால் போன வண்டிக்கும் உங்கள் வண்டிக்கும் நடுவில் இரண்டு வினாடிக்கும் குறைவான இடைவெளி விட்டு எத்தனை முறை ஓட்டியிருப்பீர்கள்? ஒருமுறைகூட இல்லை / ஓரிரு முறை / வாரத்துக்கு ஒருமுறையாவது / ஏறக்குறைய தினமும் / இந்த 30 நாளில் வண்டி ஓட்டவில்லை."

"இப்படி ஓட்டுவதை நீங்கள் எந்த அளவுக்கு ஏற்றுக்கொள்வீர்கள்? கொஞ்சமும் இல்லை என்றால் 1, முழுவதும் என்றால் 5."

"இந்தப் பகுதியில் வண்டி ஓட்டும் பத்துப் பேரில் எத்தனை பேர் இப்படி ஓட்டுகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்?"

"இங்குள்ள மற்றவர்கள் இதை எந்த அளவுக்கு ஏற்றுக்கொள்வார்கள் என்று நினைக்கிறீர்கள்? 1 முதல் 5 வரை."

செய்தது, தன் தீர்ப்பு, பிறர் செய்வதாக நினைப்பது, பிறருடைய தீர்ப்பாக நினைப்பது என்ற இந்த நான்கும் ஒன்றோடொன்று மோதும் இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. பெல்ஜியத்தின் வியாஸ் என்ற சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ஒருங்கிணைத்து 2015 முதல் பல நாடுகளில் நடத்தும் எஸ்ரா என்ற கணிப்பும் கடந்த 30 நாள் நடத்தை, சொந்த ஏற்பு, பிறருடைய ஏற்பு என்று பிரித்துத்தான் கேட்கிறது. "எப்போதாவது" என்று கேட்டால் இருபது வருடம் ஓட்டிய எல்லோரும் "ஆம்" சொல்ல வேண்டிவரும். "வழக்கமாக" என்றால் எல்லோரும் நழுவிவிடுவார்கள். 30 நாள் என்பது நினைவுக்கும் எட்டும், நழுவவும் இடம் தராது.

வரிசை முக்கியம். நடத்தை பற்றிய கேள்விகள் ஆறையும் முதலில் கேட்டு முடியுங்கள், தீர்ப்பு பற்றியவை பின்னால் வரட்டும். "சிவப்பைத் தாண்டுவது கொஞ்சமும் ஏற்க முடியாதது" என்று எழுதிய கை, அடுத்த வரியில் "வாரத்துக்கு ஒருமுறை தாண்டுகிறேன்" என்று எழுதத் தயங்கும்.

கேள்வி எழுதுவதில் வரும் வழக்கமான சறுக்கல்கள் சில. "வேகமாகவும் கவனமில்லாமலும் ஓட்டுவது" என்று இரண்டைச் சேர்த்தால், வேகமாக ஆனால் கவனமாக ஓட்டுவதாக நம்புபவர் என்ன பதில் சொல்வார்? "உயிரைப் பறிக்கும் அதிவேகம்" என்று பெயரடை சேர்த்தால் பதிலையும் நீங்களே சொல்லிக்கொடுத்ததாகிவிடும். "ஒத்துக்கொள்கிறேன் / இல்லை" என்ற அமைப்பில் பெரும்பாலும் தலையாட்டும் பதில்தான் வரும். கேள்வி எதுவானாலும் ஆமாம் போடுபவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அதனால்தான் மேலே "எத்தனை முறை", "எந்த அளவுக்கு" என்று கேட்டிருக்கிறோம்.

"நீங்கள் நல்ல ஓட்டுநரா?" என்ற கேள்வியை மட்டும் வைத்துவிடாதீர்கள். 1981-இல் வெளியான ஓலா ஸ்வென்சனின் ஆய்வில், அமெரிக்க மாணவர்களில் 93 சதவீதமும் ஸ்வீடன் மாணவர்களில் 69 சதவீதமும் ஓட்டும் திறமையில் தங்களை மேல்பாதியில் வைத்துக்கொண்டார்கள். பாதியில் அடங்க வேண்டியவர்கள் பாதியைத் தாண்டி நிற்கிறார்கள். தன்னைப் பற்றிய இந்தக் கணக்கு, ஓட்டுவதைப் பற்றி எதையும் சொல்லாது.

மாறாக, காரணம் பற்றிய கேள்வி ஒன்று நல்ல விளைச்சல் தரும். "உங்களுக்கு முன்னால் ஒருவர் திடீரென்று குறுக்கே புகுந்தால், என்ன காரணமாக இருக்கும்?" என்று ஒரு பக்கத்தில் கேளுங்கள். இரண்டு பக்கம் தள்ளி, "நீங்கள் கடைசியாக அப்படிப் புகுந்தபோது என்ன காரணம்?" என்று கேளுங்கள். பதிலை அவர்கள் சொல்லிலேயே எழுத விடுங்கள். முதல் கேள்விக்குத் திமிர், பொறுப்பின்மை, ஓட்டத் தெரியாதது என்று குணத்தைக் குறை சொல்லும் பதில்கள் குவியும். இரண்டாவதற்கு நேரமாகிவிட்டது, பின்னாலிருந்து நெருக்கினார்கள், வழி தவறிவிட்டது என்று சூழ்நிலை வந்து நிற்கும். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். இந்த இரண்டு பத்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால், பார்ப்பவர்களுக்கு விளக்கவுரை தேவைப்படாது.

வெட்கப்படும் கேள்விக்கு நாணயம்

நேருக்கு நேர் கேட்கும்போது மக்கள் தங்களை நல்லவர்களாகக் காட்டிக்கொள்வார்கள். இதைக் குறைக்க எளிய வழி, நடத்தைப் பகுதியை மட்டும் அவர்களே நிரப்பி, மடித்து, பூட்டிய பெட்டியில் போட வைப்பது. கேட்பவர் நான்கு அடி தள்ளி, தாளைப் பார்க்க முடியாத பக்கம் திரும்பி நிற்க வேண்டும். பெயர், தொலைபேசி எண், வண்டி எண் எதையும் வாங்காதீர்கள். சீருடையில் யாரும் அருகில் இருக்கக்கூடாது.

குடித்துவிட்டு ஓட்டியது போன்ற, சட்டச் சிக்கலும் அவமானமும் சேர்ந்த ஒரு கேள்விக்கு மட்டும் நாணய முறையைப் பயன்படுத்தலாம். பதிலில் தற்செயலைக் கலக்கும் இந்த உத்தியை முதலில் முன்வைத்தவர் ஸ்டான்லி வார்னர், ஆண்டு 1965. அதன் எளிமையான வடிவம் இது: பதிலளிப்பவர் யாரும் பார்க்காமல் நாணயத்தைச் சுண்டுவார். தலை விழுந்தால் உண்மை என்னவானாலும் "ஆம்" என்று எழுத வேண்டும். பூ விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். தாளில் "ஆம்" இருந்தால் அது நாணயம் சொன்னதா, ஆள் சொன்னதா என்று எவருக்கும் தெரியாது. ஆனால் மொத்தக் கணக்கில் தெரியும். 400 பேரில் 65 சதவீதம் "ஆம்" என்றால், 50 சதவீதம் நாணயத்துடையது. மீதி 15, பூ விழுந்த 50-க்குள் வந்தது. 15-ஐ 50-ஆல் வகுத்தால் 30 சதவீதம்.

இதற்கு ஒரு விலை உண்டு. அதே 400 பேரிடம் நேராகக் கேட்டு 30 சதவீதம் வந்திருந்தால் பிழை வரம்பு, அதாவது உண்மையான விகிதம் விலகியிருக்கக்கூடிய அளவு, கூட்டியோ குறைத்தோ 4.5 சதவீதப் புள்ளி. நாணய முறையில் அது 9-க்கு மேல் போகும். எனவே ஆறு செயலுக்கும் நாணயம் கொடுக்காதீர்கள். "ஆம்" 50 சதவீதத்துக்குக் கீழே தெளிவாக இறங்கியிருந்தால், தலை விழுந்தும் சிலர் "இல்லை" என்று எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். விளக்கம் அவர்களுக்குப் புரியவில்லை, அல்லது உங்களை நம்பவில்லை. அந்தக் கேள்வியின் முடிவை வெளியிடாமல் விட்டுவிடுங்கள்.

எத்தனை பேர், எங்கே பிடிப்பது

95 சதவீத நம்பகத்தில் கூட்டியோ குறைத்தோ 5 புள்ளி வேண்டுமென்றால் 385 பேர். 10 புள்ளி போதுமென்றால் 97 பேர். 3 புள்ளி வேண்டுமென்றால் 1,068 பேர். இந்தக் கணக்கு, ஊர் முழுக்க உள்ள ஆட்களைக் குலுக்கல் முறையில் எடுத்தால்தான் செல்லும். நீங்கள் ஏழெட்டு இடங்களில் நின்று பிடிக்கப் போகிறீர்கள். ஒரே இடத்துக்கு வருபவர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள் என்பதால், 385-ஐ ஒன்றரை மடங்காக்கி 580 என்று வைத்துக்கொள்ளுங்கள். இருசக்கர வாகனம் ஓட்டுபவரையும் கார் ஓட்டுபவரையும் ஒப்பிட எண்ணினால், ஒவ்வொரு பக்கமும் 100 பேர் இருந்தாலும் வித்தியாசம் 14 புள்ளியைத் தாண்டினால்தான் அதைப் பற்றிப் பேசலாம். அதற்குக் குறைந்தால் தற்செயலாகவே வந்திருக்கலாம்.

எரிபொருள் நிலையத்தில் ஓட்டுநர்கள் மட்டும் கிடைப்பார்கள். பேருந்து நிறுத்தத்தில் நடப்பவர்களும் பயணிகளும் கிடைப்பார்கள். மக்கள் மனநிலை என்றால் இரண்டும் வேண்டும், ஆனால் அட்டவணையில் தனித்தனியாக. முரட்டு ஓட்டத்தின் கடுமை நடந்து போகிறவருக்கு எப்போதும் கூடுதலாகவே தெரியும். இரண்டையும் கலந்து சராசரி எடுத்தால் யாருடைய கருத்தும் அல்லாத ஓர் எண் வரும்.

இடத்தைத் தேர்ந்ததும் ஆளை நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள். மூன்றாவதாக வரும் ஆள், அவர் போனால் அடுத்த மூன்றாவது ஆள் என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கேட்பவர்கள் சிரித்த முகமாக வருபவர்களை மட்டுமே நிறுத்துவார்கள். மறுத்தவர்களையும் எண்ணுங்கள். "நேரமில்லை" என்று போனவர்களுக்கு ஒரு கோடு, ஆணா பெண்ணா, எந்த வகை வண்டி, அவ்வளவு போதும். சாலையில் அவசரப்படும் ஆள் கணிப்புக்கும் நின்று பதில் சொல்ல மாட்டார். நீங்கள் தேடும் ஆளே நழுவிப்போகிறார். மறுப்பு பாதியைத் தாண்டினால், உங்கள் எண் நிதானமான ஓட்டுநர்களின் எண் என்று அறிக்கையில் எழுதிவிடுங்கள். வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றவிடும் இணையப் படிவம் இதற்கு நேர்மாறு. அண்மையில் யாரோ குறுக்கே புகுந்ததால் கோபத்தில் இருப்பவர்கள் முண்டியடித்துக்கொண்டு நிரப்புவார்கள். செலவில்லாதது என்பதைத் தவிர அதில் ஒரு நன்மையும் இல்லை.

களத்தில் இறங்குவதற்கு முன் எட்டுப் பத்துப் பேரிடம் முன்னோட்டம் பாருங்கள். அவர்களைப் பதிலளிக்கச் சொல்லாமல், ஒவ்வொரு கேள்வியையும் படித்து அது என்ன கேட்கிறது என்று தங்கள் சொல்லில் சொல்லச் சொல்லுங்கள். "இரண்டு வினாடி இடைவெளி" என்பது பலருக்குப் புரியாது என்று அப்போதுதான் தெரியவரும். ஒரு சின்னப் படம் வரைந்து, "அந்த வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டிய பிறகு நீங்கள் அதே கம்பத்தை அடையும் நேரம்" என்று ஒரு வரி சேர்த்தால் சரியாகிவிடும்.

சாலையில் நின்று எண்ணுவது

தாளில் வந்த பதிலை மட்டும் ஏன் நம்பக்கூடாது என்பதற்கு 1968-இல் வெளியான ஒரு சோதனை நல்ல எடுத்துக்காட்டு. கலிபோர்னியாவில் ஆன்டனி டூப், ஆலன் கிராஸ் என்ற இருவர், சிக்னலில் பச்சை விழுந்த பிறகும் 12 வினாடி வரை நகராமல் நிற்கும்படி ஒரு காரை ஏற்பாடு செய்தார்கள். சில முறை பளபளக்கும் விலையுயர்ந்த கார், சில முறை பழைய மலிவான கார். பின்னால் நின்றவர்களில் மலிவான காரைப் பார்த்து ஹார்ன் அடித்தவர்கள் 84 சதவீதம், விலையுயர்ந்த காரைப் பார்த்து அடித்தவர்கள் 50 சதவீதம். இதே காட்சியை மாணவர்களிடம் தாளில் கொடுத்துக் கேட்டபோது, விலையுயர்ந்த காருக்குத்தான் சீக்கிரம் ஹார்ன் அடிப்போம் என்றார்கள் ஆண்கள். தாளில் வீரம், சாலையில் பணிவு. (இந்தச் சோதனையை நீங்கள் நடத்திப் பார்க்க வேண்டாம். பின்னால் வருபவர் பிரேக் பிடிப்பார் என்று நம்பி வழியை மறிப்பதும் பாதுகாப்பற்ற ஓட்டம்தான்.)

மூன்று அளவுகள் போதும்: வேகம், இடைவெளி, சிக்னல் மீறல்.

வேகத்துக்கு, நேரான சாலையில் சந்திப்புகளிலிருந்தும் வேகத்தடைகளிலிருந்தும் தள்ளி 50 மீட்டரை நாடாவால் அளந்து, இரு முனையிலும் சாலையின் குறுக்கே உள்ள ஏதாவது தடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு தார் ஒட்டு, மின்கம்பத்துக்கு நேரான கோடு, எதுவானாலும் சரி. 50 மீட்டரை 3 வினாடியில் கடந்தால் மணிக்கு 60 கிலோமீட்டர், 3.6 வினாடி என்றால் 50. வாய்ப்பாடு எளிது: தூரத்தை வினாடியால் வகுத்து 3.6-ஆல் பெருக்குங்கள். ஸ்டாப்வாட்சைக் கையால் அழுத்தினால் 0.2 வினாடி முன்பின் ஆகலாம். அதனால் மட்டுமே 60 என்பது 56-ஆகவோ 64-ஆகவோ தெரியும். வினாடிக்கு 30 சட்டகம் (ஃப்ரேம்) பதியும் கைபேசி வீடியோவில் அதே தூரம் 90 சட்டகம், ஒரு சட்டகம் தவறினால் பிழை ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. எனவே வீடியோவே மேல். முன் சக்கரம் தரையைத் தொடும் புள்ளி கோட்டைத் தொடும் நொடியை எடுங்கள். வண்டியின் உடலை வைத்து எடுத்தால், தூரத்து லேனும் பக்கத்து லேனும் வேறுவேறு இடத்தில் கோட்டைத் தாண்டுவதுபோல் கண்ணை ஏமாற்றும்.

ரேடார் கன் கிடைத்தால் வசதி. ஆனால் வண்டி வரும் திசைக்கு 20 பாகை சாய்வாக நின்று பிடித்தால், 60-இல் வரும் வண்டியை அது 56 என்று காட்டும். சாய்வு கூடக் கூட இன்னும் குறையும்.

தானாக வேகத்தைத் தேர்ந்த வண்டிகளை மட்டும் எடுங்கள். முன்னால் குறைந்தது 5 வினாடி காலியாக இருக்க வேண்டும். நெரிசலில் ஊர்ந்து வருபவர் பொறுமைசாலி என்று எழுதிவிடக்கூடாது. 100 வண்டி சேர்ந்ததும் வேகங்களை ஏறுவரிசையில் அடுக்கி 85-ஆவது எண்ணைப் பாருங்கள். சாலைப் பொறியாளர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் அளவு அது. வரம்பு 50-ஆக இருந்து 85-ஆவது வேகம் 68 என்றால், அந்த வரம்பைப் பலர் வரம்பாகவே எடுத்துக்கொள்ளவில்லை என்று அறியலாம். சாலையும் அகலமாக, நேராக இருந்து வேகத்துக்கு அழைக்கிறதா என்று அப்போது பார்க்க வேண்டும். எல்லாப் பழியையும் மனநிலைமீது போடக்கூடாது.

இடைவெளிக்கு, முன்வண்டியின் பின்பக்கம் ஒரு கோட்டைத் தாண்டியதிலிருந்து பின்வண்டியின் முன்பக்கம் அதே கோட்டைத் தொடும் வரை உள்ள நேரம். 60-இல் போகும்போது இரண்டு வினாடி என்பது 33 மீட்டர், ஒரு வினாடி என்றால் 17 மீட்டருக்கும் குறைவு. இரண்டு வினாடிக்குக் கீழே, ஒரு வினாடிக்குக் கீழே என்று இரண்டு பத்தியாக எழுதுங்கள். லேன் மாறிய மறுகணம் உள்ள வண்டி, சிக்னலுக்காக வேகம் குறைக்கும் வண்டி இரண்டையும் விட்டுவிடுங்கள். லேன் பார்க்காமல் எல்லா வண்டியும் கலந்து ஓடும் சாலையில், ஒரே தடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் கார், லாரி, பேருந்துகளுக்கு மட்டும் இந்த அளவு பொருந்தும். பக்கவாட்டில் நுழையும் இருசக்கர வாகனத்தை இதில் சேர்த்தால் கணக்கு குழம்பும்.

சிக்னலில் தாண்டியவர்களை மட்டும் எண்ணிப் பயனில்லை. 40 பேர் தாண்டினார்கள் என்றால், தாண்டியிருக்கக்கூடியவர்கள் எத்தனை பேர்? சிவப்பு விழுந்த பிறகு கோட்டை முதலாவதாக வந்தடைந்து, முன்னால் வேறு வண்டி மறிக்காத ஒவ்வொருவரையும் எண்ணி, அதில் எத்தனை பேர் தாண்டினார்கள் என்று பாருங்கள். சிவப்பின் முதல் ஒரு வினாடியில் தாண்டியதைத் தனியாக வையுங்கள். பிரேக் பிடிப்பதா, போய்விடுவதா என்று தடுமாறியவர்கள் அதில் இருப்பார்கள். இரண்டு வினாடிக்கு அப்புறம் போனவருக்குத் தடுமாற்றம் ஏதும் இல்லை.

எண்ணுபவர்கள் ஒளிரும் மேல்சட்டை போட்டுக்கொண்டு சாலையோரம் நின்றால் காவல் துறை என்று நினைத்து எல்லோரும் ஒழுங்காகிவிடுவார்கள். சட்டையைக் கழற்றிவிட்டு சாலையோரம் நிற்பது ஆபத்து. நடைமேம்பாலமோ, முதல் மாடி ஜன்னலோ, தடுப்புச் சுவருக்குப் பின்னாலுள்ள இடமோ தேடுங்கள். வார நாளில் இரண்டு நேரம், வார இறுதியில் ஒரு நேரம், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். மழை நாளைத் தவிருங்கள். வீடியோவை எண்ணி முடித்ததும் அழித்துவிடுங்கள். வண்டி எண்ணை எங்கும் எழுதாதீர்கள்.

இரண்டு பேர் ஒரே 100 வண்டிகளைத் தனித்தனியாகக் குறித்து ஒப்பிட வேண்டும். ஒருவர் 20 வண்டியை "ஒட்டி ஓட்டியது" என்கிறார், மற்றவர் 18, இருவரும் ஒத்துப்போனது 15, இருவரும் "இல்லை" என்றது 77 என்று வைத்துக்கொள்வோம். ஒற்றுமை 92 சதவீதம், பிரமாதம்போலத் தெரியும். ஆனால் பெரும்பாலான வண்டிகள் ஒட்டி ஓட்டாதவையே என்பதால், கண்ணை மூடிக்கொண்டு குறித்திருந்தாலும் 69 சதவீதம் ஒத்துப்போயிருக்கும். அதைக் கழித்துக் கணக்கிடும் கப்பா அளவு இங்கே 0.74. 0.6-க்கு மேல் இருந்தால் தொடரலாம். குறைந்தால் மூன்று வண்டிகளின் வீடியோவை இருவரும் சேர்ந்து பார்த்து, எங்கே பிரிகிறார்கள் என்று கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் விதி தெளிவில்லாமல் இருக்கும். கண்ணில் குறை இருக்காது.

எண்களைப் படிப்பது

சராசரி மதிப்பெண் 1.8 என்று எழுதாதீர்கள். யாருக்கும் புரியாது. 1, 2 போட்டவர்களை "ஏற்காதவர்கள்", 4, 5 போட்டவர்களை "ஏற்பவர்கள்" என்று சேர்த்துச் சதவீதமாக்குங்கள். பிறகு ஒவ்வொரு செயலுக்கும் நான்கு கட்டம் போடுங்கள்: ஏற்காதவர் செய்யவில்லை, ஏற்காதவர் செய்தார், ஏற்பவர் செய்யவில்லை, ஏற்பவர் செய்தார். நடுவில் 3 போட்டவர்களைத் தனியே காட்டுங்கள்.

இரண்டாவது கட்டம்தான் முக்கியம். தவறு என்று தெரிந்தும் செய்பவர்களிடம் விழிப்புணர்வுப் பதாகை எடுபடாது, அதில் உள்ள செய்தியை அவர்கள் ஏற்கெனவே ஒப்புக்கொண்டவர்கள். அவர்களுக்கு வேறு ஏதோ தடையாக இருக்கிறது: நேரக் கெடு, பின்னாலிருந்து வரும் நெருக்கடி, பிடிபட மாட்டோம் என்ற நம்பிக்கை. நான்காவது கட்டம் பெரிதாக இருந்தால் மட்டுமே மனதை மாற்றும் பேச்சுக்கு இடம் உண்டு. வேகத்துக்கும் கைபேசிக்கும் இந்தக் கட்டங்கள் வெவ்வேறு அளவில் வரும் என்பதால் ஒரே மருந்து எல்லாவற்றுக்கும் ஆகாது.

அடுத்து, சொந்தத் தீர்ப்பையும் பிறருடையதாக நினைக்கும் தீர்ப்பையும் பக்கத்தில் வையுங்கள். 80 சதவீதம் பேர் தாங்கள் ஏற்கவில்லை என்கிறார்கள், ஆனால் மற்றவர்களும் ஏற்க மாட்டார்கள் என்று நினைப்பவர்கள் 35 சதவீதம்தான் என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் தனித்தனியே வெறுக்கும் ஒன்றை, ஊர் ஏற்றுக்கொள்வதாக எல்லோரும் நம்புகிறார்கள். அதனால் யாரும் வாய் திறப்பதில்லை. வண்டியில் உட்கார்ந்திருக்கும் பயணிகூட "மெதுவாகப் போங்கள்" என்று சொல்லக் கூச்சப்படுகிறார்.

கோபத்தை ஆராய விரும்பினால், ஜெர்ரி டெஃபன்பாக்கர் குழு 1994-இல் உருவாக்கிய ஓட்டுநர் கோப அளவுகோலைப் பாருங்கள். முழு வடிவில் 33 கேள்வி, சுருக்க வடிவில் 14. பகைச் சைகை, பிறர் விதிமீறல், காவலர் இருப்பு, மெதுவான ஓட்டம், மரியாதைக் குறைவு, சாலைத் தடங்கல் என்று கோபத்தை அது ஆறாகப் பிரிக்கிறது. எது உங்கள் பகுதியில் உயர்ந்திருக்கிறது என்று தெரிந்தால் செலவைத் திருப்பலாம். சாலைத் தடங்கல் முதலிடத்தில் இருந்தால், பொறுமை வகுப்பு நடத்துவதைவிட சிக்னல் நேரத்தைத் திருத்தக் கேட்பது பயன் தரும்.

முடிவை வெளியே சொல்வது

"பத்தில் ஏழு பேர் வேக வரம்பை மீறுகிறார்கள்!" என்ற தலைப்பு கவனத்தை ஈர்க்கும், ஆனால் வேலையைக் கெடுக்கும். படிப்பவர் காதில் அது "எல்லோரும்தான் செய்கிறார்கள்" என்று விழும், தயங்கிக்கொண்டிருந்தவருக்கும் அனுமதிச் சீட்டு கிடைத்துவிடும். ஏற்காதவர்கள்தான் பெரும்பான்மை என்று வந்திருந்தால் அதை முன்னால் வையுங்கள்: "ஒட்டி ஓட்டுவதை இங்குள்ள பத்தில் எட்டுப் பேர் ஏற்பதில்லை." எண் உண்மையாக இருந்தால் மட்டும். மீறல் விகிதம் அட்டவணையில் இருக்கட்டும், அதை மறைக்கவும் வேண்டாம்.

வேகத்தைப் பற்றி "ஐந்து கிலோமீட்டர் கூடினால் என்ன" என்ற கேள்வி கட்டாயம் வரும். உலக சுகாதார அமைப்பு சொல்லும் கணக்கைக் கையில் வைத்திருங்கள்: சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால், உயிர் போகும் விபத்தின் அபாயம் ஏறக்குறைய 4 சதவீதம் கூடும். ஆண்டுக்குச் சுமார் 11.9 லட்சம் பேர் உலகச் சாலைகளில் இறக்கிறார்கள் என்பதும் அதே அமைப்பின் 2023 அறிக்கையில் உள்ளது.

பதாகை, கூட்டம், சிக்னல் மாற்றம் என்று எதையாவது செய்த பிறகு ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து அதே இடம், அதே கிழமை, அதே நேரம், அதே சொற்கள் கொண்ட வினாத்தாளுடன் திரும்ப அளக்க வேண்டும். ஒரு சொல்லை "மேம்படுத்தினால்"கூட ஒப்பீடு போய்விடும். எதுவும் செய்யாத இன்னொரு சாலையையும் முதல் நாளிலிருந்தே அளந்து வையுங்கள். மிக மோசமாக இருந்த சாலையைத் தேர்ந்தெடுத்திருந்தால், நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டாலும் அடுத்த முறை எண் கொஞ்சம் இறங்கும். மோசமான நாளுக்குப் பின் சராசரி நாள் வருவது இயல்பு. இரண்டு சாலைகளிலும் 4 புள்ளி இறங்கியிருந்தால், உங்கள் பதாகைக்கு அதில் பங்கில்லை.